பதினேழாம் நாள் பத்து மணி

யாரையாவது பார்க்கப் போகும்போது அவர் ஆறு சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போவார். ஆப்பிள் வாங்கமாட்டார், பல்லில்லாதவர்கள் ஆப்பிளைப் பார்த்தால் வருத்தப்படுவார்கள் என்பார். வீட்டுக்குள் நுழைந்ததும் எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்ப்பதில்லை. முதலில் கால்களைப் பார்ப்பார். கணுக்காலில் பார்வை ஒரு நொடி நிற்கும். அப்புறம்தான் நிமிர்ந்து, "சாப்பாடு எப்படிப் போகுது?" என்று கேட்பார். அத்தனை கனிவாகக் கேட்பார். அவர் பார்க்கப் போனவர்கள் எல்லோரும் எழுபதைத் தாண்டியவர்கள். பெற்ற பிள்ளைகள் அவர்களிடம் மாத்திரை போட்டாயிற்றா என்று கேட்பதோடு சரி.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. எழுத மனமில்லை. அவர் பெயர்களை எழுதி வைத்த விதத்தைப் பார்த்த பிறகு யார் பெயரை எழுதவும் எனக்குக் கை வருவதில்லை. இரும்புலியூர் பழைய பேப்பர் கடைக்காரர் அவரை 'பேய் சார்' என்பார், முதுகுக்குப் பின்னால் மட்டும். நேரில் கண்டால் லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்து நிற்பார். பயமா மரியாதையா என்று ஒருமுறை கேட்டேன். "ரெண்டுந்தான்க்கா" என்றார்.

மேற்குத் தாம்பரத்தில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. ஆதார் காப்பி, லேமினேஷன், கல்லூரிப் பிள்ளைகளின் ப்ராஜெக்ட். மத்தியானம் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து அவர் வருவார். துணிப்பைக்குள் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் செய்தித்தாள், அதற்குள் ஒரு புத்தகம். எல்லாம் பழைய பேய்க்கதை நாவல்கள். நூறு வருடத்தை நெருங்கியவை. மதராஸில் எங்கோ ஒரு சந்தில் ஒரே ஒரு அச்சு இயந்திரத்தை வைத்துக்கொண்டு அடித்த பதிப்புகள். ஒவ்வொன்றுக்கும் 'அல்லது' போட்டு இரண்டு தலைப்புகள் இருக்கும். அட்டையில் தலைவிரி கோலமாக ஒரு பெண், பின்னால் பாழடைந்த பங்களா, மேலே ஒரு வௌவால். பக்திப் புத்தகமோ வைத்திய நூலோ யாராவது கொடுத்தால் கையாலும் தொடமாட்டார். பேய் இருந்தால்தான் அவருக்குப் புத்தகம்.

அவரிடம் இருக்கும் பிரதியில் பக்கம் கிழிந்திருந்தால், அதே புத்தகத்தை வைத்திருக்கும் வேறொருவரிடம் இரவல் வாங்கி வந்து அந்தப் பக்கங்களை மட்டும் நகல் எடுப்பார். இயந்திரத்தின் மூடியை அழுத்த விடமாட்டார். புத்தகத்தை அவரே பாதி திறந்து பிடித்துக்கொள்வார். வெளியே வரும் தாள்களை நான் படித்துவிடுவேன்; படிக்காமல் இருக்க முடியாது. நாற்பத்து நான்காம் பக்கத்தின் கடைசி வரியில் ஒருத்தி கதவைத் திறப்பாள். திறந்ததும் என்ன ஆயிற்று என்பது நாற்பத்தைந்தில் இருக்கும். அது கிழியாமல் அவரிடமே இருந்தது. இப்படிப் பாதிப் பாதியாக நான் படித்த பேய்கள் ஏராளம். வீட்டுக்குப் போன பிறகும் அவை பாதியிலேயே நிற்கும்.

புத்தகத்தின் பின்னட்டை உட்புறத்தில் பென்சிலில் எழுதியிருப்பார். ஒரு பெயர், அதற்கு எதிரே ஒரு தேதி. சில புத்தகங்களில் மூன்று நான்கு பெயர்கள், அத்தனைக்கும் தேதிகள். என்ன கணக்கு சார் இது என்று கேட்டேன்.

"யாரோடதுன்னு தெரியணும் இல்லையாம்மா. தேதி அவங்க போன தேதி. தேதி போடலைன்னா புஸ்தகம் இன்னும் அவங்களோடதுன்னு அர்த்தம்."

இதைச் சொல்லிவிட்டுத் தாள்களைச் சரிபார்த்து அடுக்கினார். அவரை அறிந்துகொள்ள இந்த ஒரு பதில் போதும், எனக்குத்தான் அப்போது உறைக்கவில்லை. உயிரோடு இருப்பவர்களிடம் அவர் புத்தகம் வாங்குவதில்லை. நகல் எடுக்க இரவல் வாங்குவார், இரண்டே நாளில் திருப்பித் தந்துவிடுவார். கொடுத்தவர்கள் மனசு மாறித் திரும்பக் கேட்பார்கள், அப்படி வந்த புத்தகம் வீட்டில் தங்காது என்பது அவர் கட்சி. அதனால் காத்திருப்பார். வருடக்கணக்கில் காத்திருப்பார். அந்த வீட்டுக்குச் சாத்துக்குடியோடு போய்க்கொண்டே இருப்பார். கடைசியில் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பதினேழாம் நாள் காலை பத்து மணிக்குப் போய் நிற்பார். பதினாறுக்கு முன்னால் கேட்டால் பாவம். இருபதைத் தாண்டினால் வீட்டை ஒழிக்கிறேன் என்று பேப்பர் கடைக்குப் போட்டுவிடுவார்கள். கிறிஸ்தவ வீடென்றால் முப்பதாம் நாள் ஜெபம் முடியட்டும் என்று இருப்பார். அந்தந்த வீட்டு வழக்கம் அவருக்குத் தெரியும்.

கோவிலம்பாக்கத்தில் ஓய்வு பெற்ற டிரில் மாஸ்டர் ஒருவர் இருந்தார். அவரிடம் ஒரு அபூர்வமான பதிப்பு. தை மாசத்தில் அதை நகலெடுக்கக் கொண்டுவந்தபோது, "வர்ற பங்குனி தாண்டாதும்மா. கால் வீக்கம் சொல்லுது" என்று இவர் சாதாரணமாகச் சொன்னார். பங்குனி பாதியில் மாஸ்டர் போய்விட்டார். சித்திரை பிறந்த பிறகு அதே புத்தகம் அதே துணிப்பையில் என் கடைக்கு வந்தது. அவர் முகத்தில் சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. எப்படி சார் சொன்னீங்க என்றேன். முப்பது வருடம் ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் கேஸ் ஷீட்டுகளைக் கட்டுக்கட்டி அடுக்கி வைக்கும் வேலையில் இருந்தாராம். சும்மா இருக்கும் நேரத்தில் அதையெல்லாம் படிப்பாராம். ஒவ்வொரு கட்டும் எங்கே ஆரம்பித்து எங்கே முடியும் என்று மனப்பாடம் ஆகிவிட்டது என்றார்.

அவர் கெட்டவர் என்று சொல்லிவிட்டு முடிக்க முடிந்தால் எனக்கு நிம்மதி. முடியவில்லை. குன்றத்தூரில் ஓர் அம்மா தனியாக இருந்தார், பிள்ளைகள் வெளிநாட்டில். அந்த அம்மாவை மாசா மாசம் ஆட்டோவில் கண் டாக்டரிடம் கூட்டிப் போனவர் இவர்தான். கால் நகம் வெட்டிவிட்டதைக்கூட நான் பார்த்திருக்கிறேன். ஒருநாள் துணைக்குப் போயிருந்தேன். கீழே உட்கார்ந்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, ஒவ்வொரு விரலாகப் பிடித்து வெட்டினார். பெற்ற பிள்ளை அப்படிச் செய்யாது. கிளம்பும்போது அந்த அம்மா அலமாரியைத் திறந்து, எடுத்துட்டுப் போங்களேன் என்று புத்தகத்தை நீட்டினார். இவர் வாங்கி, தூசி தட்டி, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார். "இருக்கட்டும்மா. அப்புறம்" என்றார். அந்த அம்மா சிரித்தார். நானும் சிரித்தேன். எந்த அப்புறம் என்பது படி இறங்கிப் பாதி தூரம் வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

இவ்வளவும் தெரிந்த நான்தான் என் வாயாலேயே மாட்டிக்கொண்டேன்.

ஒருநாள் அவர் இரவல் வாங்கி வந்த புத்தகத்தில் அட்டை இல்லை, அவர் முப்பது வருடமாகத் தேடும் கடைசிப் பக்கங்களும் இல்லை. முதல் பக்கத்தை நகலெடுக்கும்போது தலைப்பைப் பார்த்தேன். 'செண்பகாம்பிகை அல்லது மூடிய கிணற்றின் மர்மம்'. "இது எங்க வீட்ல முழுசா இருக்கே சார்" என்றேன். சொல்லி முடிக்கவில்லை, நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் அவசரப்படவில்லை. பொறுமையாக நாலு பக்கம் தள்ளி நகலெடுக்கச் சொன்னார். பிறகு, "யாரோடதும்மா?" என்றார்.

அப்பாவுடையது. அப்பா குரோம்பேட்டையில் லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். பல்லாவரத்தில் இருந்த ஒரு வாடகை நூல் நிலையத்தில் அதை எடுத்து வந்தார். திருப்பிக் கொடுக்கப் போன அன்று கடையையே மூடிவிட்டிருந்தார்கள். ஐம்பது வருடமாக அடுத்தவர் பொருளை வைத்திருக்கிறோம் என்ற உறுத்தலோடு வைத்திருந்தார். அம்மா போன பிறகு அப்பா என்னோடு சேலையூரில் இருந்தார். நான் காலையில் கடைக்குக் கிளம்பினால் பொழுது சாய்ந்துதான் வருவேன். ஞாயிற்றுக்கிழமையும் பத்து மணிக்கு மேல் மத்தியானம் வரை கடை உண்டு. அப்பாவுக்குக் கிட்னியில் கோளாறு, உப்பில்லாத சாப்பாடு. பேச ஆளில்லை.

அடுத்த ஞாயிறே அவர் ஆறு சாத்துக்குடியோடு வந்துவிட்டார். அதற்கப்புறம் ஒரு ஞாயிறு தவறவில்லை. அப்பா ஒரு அத்தியாயம் வாசிப்பார், அவர் கண்ணை மூடிக் கேட்பார். பட்டறைச் சத்தத்தில் வேலை பார்த்த குரல், எதிர் வீடு வரை கேட்கும். மத்தியானம் சாப்பிட வந்தால் இரண்டு பேரும் மூடிய கிணற்றைப் பற்றி வாக்குவாதம் செய்துகொண்டிருப்பார்கள். அப்பா ஞாயிறுதோறும் சவரம் செய்துகொள்ள ஆரம்பித்தார். சனிக்கிழமையே சட்டையைத் தேய்த்து வைக்கச் சொல்வார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு தடவையும் அவர் உள்ளே நுழையும்போது நான் அவர் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவை அப்பாவின் கணுக்காலில் எத்தனை நேரம் நிற்கின்றன என்று பார்த்தேன். புரட்டாசியில் ஒரு ஞாயிறு அவை கொஞ்சம் அதிகமாகவே நின்றன. போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "இந்த மழைக்கு அப்பாவை ஜாக்கிரதையா பாத்துக்கம்மா" என்றார்.

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. என் அப்பாவுக்கு என் வீட்டு வாசலிலேயே நின்று ஒருவர் நாள் குறிக்கிறார், நான் அவருக்குக் காபி போட்டுக் கொடுக்கிறேன். புத்தகம் இருப்பதால்தானே வருகிறார், புத்தகம் போனால் அவரும் போவார் என்று கணக்குப் போட்டேன். புதன்கிழமை மத்தியானம் அப்பா தூங்கும்போது அலமாரியிலிருந்து அதை எடுத்துக்கொண்டு திருநீர்மலையில் அவர் வீட்டுக்குப் போனேன்.

அவர் ஒண்டிக்கட்டை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீட்டில் இரும்பு அலமாரிகள்தான் இருந்தன, நடுவில் ஒரு கட்டில். பூச்சிக்கு வைத்த வசம்பு வாடை மூச்சை அடைத்தது. ஒவ்வொரு அலமாரியும் செத்தவர்களின் புத்தகம் என்று நினைத்ததும் உட்காரத் தோன்றவில்லை.

"இத எடுத்துக்குங்க சார். இனிமே எங்க வீட்டுக்கு வர வேணாம்" என்றேன்.

"அப்பாவோடதும்மா. அவர் இருக்காரே."

"அப்பா எனக்குக் கொடுத்துட்டார். இப்ப இது என்னோடது. நான்தான் தரேன்."

பச்சைப் பொய். அவர் புத்தகத்தை வாங்கவில்லை. என்னையே பார்த்தார். "உன்னோடதா? நிச்சயமா?" என்று கேட்டார். என்னோடதுதான் என்றேன். இன்னொரு முறையும் கேட்டார், இன்னொரு முறையும் சொன்னேன். சட்டைப் பையிலிருந்த பென்சிலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, பிறகு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அந்த ஞாயிறு அப்பா சவரம் செய்து, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு மணி வரை வாசலையே பார்த்தார். மழை, அதான் வரலை என்றேன். அடுத்த ஞாயிறும் மழை என்றேன், வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அப்பா எழுந்து போய் அலமாரியைத் திறந்தார். வெகுநேரம் அங்கேயே நின்றார். திரும்பி வந்து உட்கார்ந்து, "குடுத்துட்டியா பாப்பா?" என்று கேட்டார்.

நான் படபடவென்று கொட்டித் தீர்த்தேன். அவர் எதற்கு வருகிறார் தெரியுமா, கோவிலம்பாக்கத்தில் என்ன நடந்தது தெரியுமா, பதினேழாம் நாள் எங்கே போய் நிற்பார் தெரியுமா என்று. அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"தெரியும். மொத நாளே சொல்லிட்டாரு. நீங்க போனப்புறம் நான் எடுத்துக்கறேன், அதுவரைக்கும் வரலாமான்னு கேட்டாரு. நாந்தான் வாங்கன்னு சொன்னேன்."

அப்பா தேய்த்த சட்டையின் பொத்தானைக் கழற்றிக்கொண்டே மேலே சொன்னார்.

"கடைசி அத்தியாயம் வாசிக்க மாட்டேன், அத நீங்களே படிச்சிக்குங்கன்னு சொல்லி வச்சிருந்தேன். அதுக்கு முன்னாடி இன்னும் ஒம்போது அத்தியாயம் இருந்துச்சு. ஒம்போது ஞாயித்துக்கிழமை வந்திருப்பாரு பாப்பா."

அப்பா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் திருநீர்மலைக்கு ஓடினேன். வீடு பூட்டிக் கிடந்தது. இரண்டு முறை போனேன், இரண்டு முறையும் பூட்டு. ஃபோன் செய்தால் எடுக்கவில்லை. வர வேண்டாம் என்று நான் சொன்ன சொல்லை அவர் அப்படியே பிடித்துக்கொண்டார். அப்பா ஞாயிறு சவரத்தை விட்டார். கார்த்திகை மழையில் கால் வீக்கம் முழங்கால் வரை ஏறியது. அப்பா இறந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பிறகு நான் காலண்டரில் எண்ணிப் பார்த்தேன், எண்ணியிருக்கக் கூடாது. ஒன்பதாவது ஞாயிறு.

பதினேழாம் நாள் காலை பத்து மணிக்கு நான் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காபிக்குப் பாலைக்கூடக் காய்ச்சி வைத்திருந்தேன். அவர் வரவில்லை. வருவதற்கு எங்கள் வீட்டில் என்ன இருந்தது?

ஆறேழு மாதம் கழித்து இரும்புலியூர் கடைக்காரர் பழைய தாள் எடுக்க வந்தபோது சொன்னார். "பேய் சாரு படுத்த படுக்கையா கீறாருக்கா. பாக்கவே பேஜாரா கீது." அன்று சாயந்திரமே போனேன். வழியில் பழக்கடையில் நின்று ஆறு சாத்துக்குடி வாங்கியவளும், கட்டிலருகே போனபோது போர்வைக்கு வெளியே இருந்த கால்களை முதலில் பார்த்தவளும் நானேதான். இரண்டு காலும் வீங்கியிருந்தன. என்னை நினைத்து எனக்கே அருவருப்பாக இருந்தது.

அதற்கப்புறம் ஐந்தாறு முறை போனேன். மன்னிப்புக் கேட்கப் போனேன் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அப்பாவின் புத்தகம் எனக்கு வேண்டியிருந்தது. கடைசியாகப் போன அன்று வாய்விட்டுக் கேட்டேன். அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் சார், முடிவையாவது அப்பா படத்துக்கு முன்னால் நான் வாசிக்கிறேன் என்றேன். முடிவு என்ன என்றும் கேட்டேன்.

"படிக்கலையேம்மா."

முப்பது வருடம் தேடிய முடிவு கைக்கு வந்து படிக்கவில்லையா என்று கேட்டேன்.

"எப்படிப் படிப்பேன்? அது இன்னும் என்னோடது ஆகலையே" என்றார். சொல்லிவிட்டு மெதுவாகத் தலையைத் திருப்பி என் கால்களைப் பார்த்தார். "நாள் பூரா நின்னுக்கிட்டே வேலை செய்யறே இல்ல?" என்று கேட்டார். அதே கனிவு. புடவைக் கொசுவத்தைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு கிளம்பி வந்துவிட்டேன்.

அவர் போன செய்தி வந்தபோது விரல் விட்டு எண்ணி வைத்துக்கொண்டேன். பதினேழாம் நாள் பத்து மணிக்குத் திருநீர்மலையில் இருந்தேன். பெங்களூரிலிருந்து வந்திருந்த அவருடைய அக்கா மகன் மூக்கில் கர்ச்சீப்பைக் கட்டிக்கொண்டு அலமாரிகளைக் காலி செய்துகொண்டிருந்தார். வாசலில் இரும்புலியூர்க்காரரின் மூன்று சக்கர வண்டி பாதி நிரம்பியிருந்தது. எது வேணுமோ எடுத்துக்கங்க மேடம் என்றார் அக்கா மகன். நான் ஒன்றே ஒன்றைத் தேடி எடுத்தேன். அது அலமாரியில் இல்லை. கட்டிலுக்கடியில் தனியாகத் துணி சுற்றி வைத்திருந்தார்.

அங்கேயே நின்று பின்னட்டையைத் திருப்பினேன். பென்சில் எழுத்தில் அப்பாவின் பெயர். எதிரே தேதி, சரியான தேதி. யார் சொன்னார்களோ, தெரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறார். அதற்குக் கீழே என் பெயர், இனிஷியலோடு. எதிரே இடம் விட்டிருந்தார்.

புத்தகம் இப்போது என் கடையில், கல்லாவுக்குக் கீழே இருக்கிறது. கடையில் ரப்பர் விற்கிறேன், டப்பா டப்பாவாக இருக்கிறது. ஒன்றை எடுத்துத் தேய்த்தால் என் பெயர் போய்விடும். பல தடவை எடுத்தேன். அழித்துவிட்டால் புத்தகம் அப்பாவோடு நின்றுவிடும், நான் சொன்னது பொய் என்று ஆகிவிடும். அந்தப் பொய்யால்தானே அப்பாவுக்கு ஒன்பது ஞாயிறு போயிற்று. அதனால் அழிக்கவில்லை. கடைசி அத்தியாயத்தையும் படிக்கவில்லை.

ஒரு வாரமாகச் சாயந்திரம் ஆனால் செருப்பு வார் அழுத்துகிறது. வீட்டுக்கு வந்து கழற்றினால் தோலில் வாரின் தடம் பதிந்திருக்கிறது. நாள் பூரா நின்றுகொண்டே வேலை செய்கிறேன், அதனால்தான் இருக்கும்.